எல்லாரும் டாம்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்

2024 அக்டோபர் 9 அன்று மில்டன் புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தை நெருங்கியபோது, வானிலைப் படம் பார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிற என்னைப் போன்றவர்கள் எல்லாரும் மேற்குக் கரையில் இருக்கும் டாம்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்க்காமல் இருக்கவும் முடியாது. மெக்சிகோ வளைகுடாவில் இருந்தபோது அதன் மைய அழுத்தம் 900 மில்லிபாருக்கும் கீழே இறங்கியிருந்தது, வகைகளிலேயே உச்சமான ஐந்தாம் வகைப் புயல், இரண்டே வாரம் முன்பு ஹெலீன் புயல் வந்து போட்டுவிட்டுப் போன குப்பைகூளமே பல தெருக்களில் அள்ளப்படாமல் கிடந்தது, டாம்பா விரிகுடாவுக்குள் கடல் புகுந்தால் என்ன ஆகும் என்று வருடக்கணக்காகப் போட்டு வைத்திருந்த கணக்குகள் எல்லாம் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்தன. கடைசியில் இரவு எட்டரை மணி வாக்கில் மில்டன் டாம்பாவுக்குத் தெற்கே, சரசோட்டா பக்கத்தில் சியெஸ்டா கீ என்ற இடத்தில், மூன்றாம் வகைப் புயலாகக் கரையைக் கடந்தது. தெற்கே கடந்ததால் டாம்பா விரிகுடாவில் தண்ணீர் உள்ளே ஏறுவதற்குப் பதிலாக வெளியே வடிந்து போனது.

அதற்கு மூன்று மணி நேரத்துக்கும் முன்பே, மாநிலத்தின் மறு கரையில், ஃபோர்ட் பியர்ஸ் நகரத்தை ஒட்டிய ஸ்பானிஷ் லேக்ஸ் என்ற குடியிருப்பில் 6 பேர் இறந்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் மொபைல் ஹோம்களில் வாழும் இடம் அது. சியெஸ்டா கீயிலிருந்து கிழக்கே 200 கிலோமீட்டருக்கும் மேல். அவர்களைக் கொன்றது ஒரு டொர்னாடோ, மேகத்திலிருந்து தரை வரை இறங்கும் சுழல்காற்று. அதே கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் அலுவலகத்தின் பெரிய இரும்புக் கொட்டகை ஒன்று, உள்ளே நின்ற ரோந்துக் கார்களோடு சேர்ந்து நசுங்கிக் கிடந்த காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு ஒரே நாளில் ஃபுளோரிடாவில் 40-க்கும் மேற்பட்ட டொர்னாடோக்கள் இறங்கின. டொர்னாடோவின் பலத்தை 0 முதல் 5 வரை சொல்லும் இஎஃப் அளவுகோலில் அவற்றில் மூன்று இஎஃப்-3, அதாவது மணிக்கு 219 கிலோமீட்டருக்கு மேல் காற்று. சியெஸ்டா கீயில் கரையைக் கடந்தபோது மில்டனின் உச்சக் காற்றே 200 கிலோமீட்டருக்கும் கீழேதான். ஒதுங்கியிருந்த கிழக்குக் கரைக்காரர்களில் சிலர் மீது, புயல் கரையைக் கடந்த இடத்தில் இருந்தவர்கள் பார்த்ததைவிட வேகமான காற்று அடித்திருக்கிறது.

ஹரிக்கேன், அதாவது மில்டன் மாதிரி அமெரிக்கப் பக்கத்துப் பெரும்புயல் என்றாலே நாம் ஒரு புள்ளியையும் ஒரு கோட்டையும்தான் தேடுகிறோம். எங்கே கரையைக் கடக்கும், எத்தனை மணிக்கு, எந்த வகை, இவ்வளவுதான் கேள்வி. மயாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் மையம் போடுகிற அந்தக் கூம்பு வடிவப் படம்கூட மையப்புள்ளி எங்கே போகக்கூடும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. பாதிப்பு எங்கே வரும் என்பது அதில் இல்லை, அவர்களும் அப்படி இருக்கிறது என்று சொல்வதில்லை. ஆனால் பார்ப்பவன் மனசில் கூம்புக்கு உள்ளே ஆபத்து, வெளியே நிம்மதி என்றுதான் பதிகிறது. வகை என்கிற எண்ணும் அப்படித்தான், மையத்தைச் சுற்றியுள்ள உச்சக் காற்றை மட்டும் வைத்துப் போடுவது. அது கடல் எவ்வளவு ஏறும் என்று சொல்லாது, எவ்வளவு மழை என்று சொல்லாது, எத்தனை டொர்னாடோ என்று நிச்சயமாகச் சொல்லாது.

சரி, புயலுக்குள்ளேயே இன்னொரு சுழல் எப்படி வருகிறது?

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். புயல் நகர்கிற திசையைப் பார்த்து நின்றால் உங்களுக்கு முன்னால், வலது கைப்பக்கம் இருக்கும் கால் பகுதி. அமெரிக்கப் புயல்களில் பெரும்பாலான டொர்னாடோக்கள் அங்கேதான் வருகின்றன. மையத்தை ஒட்டியல்ல, பெரும்பாலும் 100 கிலோமீட்டரிலிருந்து 500 கிலோமீட்டர் வரை தள்ளி, வெளிப்பக்கம் நீளநீளமாகச் சுற்றிக் கிடக்கும் மழைப்பட்டைகளில். அந்த வலது முன்பக்கத்தில்தான் காற்று கடலிலிருந்து நிலத்துக்குள் பாய்கிறது. கடலின் மேல் தடையில்லாமல் ஓடி வந்த காற்று, நிலத்தைத் தொட்டதும் மரம், வீடு, மேடு பள்ளம் எல்லாவற்றிலும் உரசி வேகம் குறைகிறது. உரசுவது கீழே இருக்கும் காற்று மட்டும்தான். ஒரு கிலோமீட்டர் உயரத்தில் அதே காற்று அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், திசையும் கொஞ்சம் மாறியிருக்கும். கீழே மெதுவாகவும் மேலே வேகமாகவும் ஓடினால் நடுவில் இருக்கிற காற்று, உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து உருட்டுகிற விளக்குத் திரி மாதிரி, படுத்த வாக்கில் உருள ஆரம்பிக்கிறது. அந்த உருளையை மேலெழும் ஒரு மேகம் தூக்கி நிறுத்திவிட்டால் மேகமே சுழலத் தொடங்கும். இப்படிச் சுழலும் இடிமேகத்துக்குத்தான் சூப்பர்செல் என்று பெயர்.

அமெரிக்காவின் நடுச் சமவெளியில், ஓக்லஹோமா, கான்சஸ் பக்கம் மே மாதத்தில் எழும்பும் சூப்பர்செல்களைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம், ஏனென்றால் ஹரிக்கேனுக்குள் வருவது அதன் குள்ளத் தம்பி. சமவெளியில் தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே கடும் குளிர், அதனால் மேகம் ஒரே மூச்சில் 15 கிலோமீட்டர் வரை ஏறும், ஆலங்கட்டி கொட்டும், மின்னல் வெட்டித் தள்ளும். ஹரிக்கேனுக்குள் மேலேயும் வெதுவெதுப்பான ஈரக் காற்றுதான், ஆகவே மேகத்துக்கு அவ்வளவு உந்துதல் கிடையாது. சுழற்சி பெரும்பாலும் கீழ் மூன்று கிலோமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். ஆலங்கட்டி அபூர்வம், மின்னல் குறைவு. காற்றின் உருட்டல் மட்டும் அளவுக்கு மீறி இருப்பதால், இந்தக் குட்டை மேகமே சில நிமிடங்களுக்கு ஒரு டொர்னாடோவை இறக்கிவிடுகிறது. பத்தில் ஒன்பதுக்கு மேல் இஎஃப்-0, இஎஃப்-1 ரகம்தான். ஓடு பறக்கும், மரம் சாயும், அதோடு சரி.

மில்டன் இந்த வழக்கத்திலிருந்து விலகியது. மேற்கிலிருந்து வந்த ஜெட் ஸ்ட்ரீம், அதாவது மிக உயரத்தில் ஓடும் வேகமான காற்றோட்டம், புயலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்திருந்தது, கூடவே உலர்ந்த காற்று உள்ளே புகுந்து மேகங்களைப் பிரித்துவிட்டது. வானம் அங்கங்கே திறந்து தரை சூடேறியது. புயல் நாளில் வெயில் அடித்தால் நம் ஊரில் நிம்மதிப் பெருமூச்சு விடுவோம், அங்கே அதுதான் பிரச்சினையாகிப் போனது. தனித்தனியாக நின்ற மேகங்களுக்கு, ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் முழு எரிபொருளும் கிடைத்தது. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் மேல் காலையிலேயே முதல் டொர்னாடோக்கள் தெரிந்தன, நெடுஞ்சாலையில் போனவர்கள் காரில் இருந்தபடியே படமெடுத்தார்கள். வழக்கமாக ஹரிக்கேன் டொர்னாடோ மழைக்குள் மறைந்திருக்கும், பக்கத்தில் வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. இங்கே சமவெளியில் நிற்பது போல முழு உருவத்தோடு நின்றது. பிற்பகலில் ஒன்று வெலிங்டன் ஊருக்குள் புகுந்தது, இன்னொன்று ஃபோர்ட் பியர்ஸ் போனது. அந்த நாளில் மட்டும் ஃபுளோரிடாவுக்கு 126 டொர்னாடோ எச்சரிக்கைகள் வெளியிடப்பட்டன, அந்த மாநிலத்துக்கு ஒரு நாள் கணக்கில் அது சாதனை. முன்னறிவிப்பு தவறிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. காலையிலிருந்தே கத்திக்கொண்டிருந்தார்கள். கேமராக்கள் மட்டும் டாம்பாவில் நின்றன.

இது புதுசும் இல்லை. 1964 அக்டோபர் 3, லூசியானாவில் லரோஸ் என்ற சின்ன ஊர். ஹில்டா புயல் இன்னும் கடலில்தான் இருக்கிறது, அன்று மாலைதான் கரையைத் தொடப் போகிறது. விடிகாலையில் ஒரு டொர்னாடோ அந்த ஊரைத் தாக்கி 22 பேரைக் கொன்றது. ஹில்டாவால் மொத்தம் இறந்தவர்கள் 38 பேர், அதில் பாதிக்கு மேல் இந்த ஒரே டொர்னாடோவில், புயல் வருவதற்கு முன்பே. எஃப்-4 என்று பின்னாளில் மதிப்பிட்டார்கள், இஎஃப் அளவுகோலின் பழைய வடிவம் அது. ஹரிக்கேன் டொர்னாடோக்களில் அந்த அளவுக்குப் போனவை அமெரிக்கப் பதிவுகளில் இரண்டுதான். இன்னொன்று அதற்கு மூன்று வருடம் முன்பு, 1961இல், கார்லா புயலின்போது கால்வெஸ்டனில். கார்லாவின் மையம் கரையேறிய போர்ட் ஓ'கானர் அங்கிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தள்ளி. கார்லாவுக்கு வேறொரு பெருமையும் உண்டு. டான் ராதர் என்ற இளம் செய்தியாளர் கால்வெஸ்டன் வானிலை அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, ரேடார் திரையில் தெரிந்த புயலைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார். மக்கள் முதன்முறையாகப் புயலின் முழு உருவத்தை வீட்டிலிருந்தே பார்த்தது அப்போதுதான். நடுவில் ஓட்டையுள்ள அந்த உருவத்தின் மேல் நமக்கு வந்த மோகம் அங்கேதான் ஆரம்பித்தது என்று எனக்குத் தோன்றும்.

எண்ணிக்கையில் பெரியவை என்றால் இரண்டு பெயர்கள். 1967 செப்டம்பரில் டெக்சஸின் தென்கோடியில் கரையேறிய பியூலா, 100-க்கும் மேற்பட்ட டொர்னாடோக்கள். 2004 செப்டம்பரில் ஐவன், ஏறத்தாழ 120. எது பெரியது என்று வானிலை ஆர்வலர்கள் சண்டை போடுவதுண்டு, எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் இல்லை. பியூலா காலத்தில், மேகத்துக்குள் காற்று சுழல்வதைக் காட்டும் டாப்ளர் ரேடார் வலையமைப்பே கிடையாது. ஆளில்லாத மேய்ச்சல் காட்டில் ஒரு மரக்கூட்டம் சாய்ந்தால் அதைப் போய்ப் பார்த்து எழுதி வைக்கவும் ஆள் இருந்திருக்காது. அப்படியும் 100-க்கு மேல் எண்ணியிருக்கிறார்கள் என்றால் உண்மையில் எத்தனை வந்திருக்கும்? ஓக்லஹோமாவின் நார்மன் நகரத்தில் இருக்கும், டொர்னாடோ முன்னறிவிப்பு தரும் அரசு மையமான ஸ்டார்ம் பிரெடிக்‌ஷன் சென்டரில் ராஜர் எட்வர்ட்ஸ் என்ற வானிலையாளர் ஹரிக்கேன் டொர்னாடோக்களுக்கென்றே ஒரு தரவுத் தொகுப்பை உருவாக்கினார். அது 1995இலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய எண்ணிக்கையை இன்றைய எண்ணிக்கையோடு ஒப்பிட முடியாது என்பதுதான் காரணம். ஆகவே யாராவது ஒரு வரைபடத்தைக் காட்டி, பாருங்கள், ஹரிக்கேன் டொர்னாடோக்கள் இத்தனை மடங்கு கூடிவிட்டன என்றால், ரேடார் எப்போது வந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

ஐவனில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது எண்ணிக்கை அல்ல, அது நீண்ட தூரம். அலபாமாவின் கல்ஃப் ஷோர்ஸில் செப்டம்பர் 16 அதிகாலை கரையேறியது. அதற்கு முந்தைய இரவே 250 கிலோமீட்டர் கிழக்கே, ஃபுளோரிடாவின் கால்ஹூன் கவுன்டியில் ஒரு டொர்னாடோ 4 பேரைக் கொன்றுவிட்டது. அது முன்கதை. மறுநாள், 17ஆம் தேதி, ஐவன் உள்நாட்டில் வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகச் சுருங்கி அப்பலாச்சியன் மலைகளில் நகர்ந்துகொண்டிருந்தது. செய்திகளில் அதை முடித்துவிட்டார்கள். அன்றைக்கு வர்ஜீனியா மாநிலத்தில் 40-க்குக் கிட்ட டொர்னாடோக்கள் இறங்கின, அந்த மாநிலம் அதுவரை பார்த்திராத எண்ணிக்கை. காற்றின் உச்ச வேகம் குறைந்தால் புயல் பலவீனம் என்று பெயர் மாற்றிவிடுகிறோம். ஆனால் அந்தப் பெரிய சுழற்சியும், அது கடலிலிருந்து இழுத்து வந்த ஈரமும், ஒரு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் வேகமான காற்றும் அவ்வளவு சீக்கிரம் போய்விடுவதில்லை. போதாததற்கு உள்நாட்டில் வெயில் வேறு அடிக்கும்.

2024 ஜூலையில் பெரில் புயல் இதையே இன்னும் நீட்டிக் காட்டியது. 8ஆம் தேதி டெக்சஸின் மேட்டகோர்டா பக்கம் முதல் வகைப் புயலாக, அதாவது இருப்பதிலேயே சின்ன எண்ணோடு, கரையேறியது. அன்று டெக்சஸ், லூசியானா, ஆர்கன்சாவில் டொர்னாடோக்கள். 9ஆம் தேதி இண்டியானாவில், கடலே கண்ணில் படாத சோளக்காட்டு நாட்டில், ஒரு இஎஃப்-3. 10ஆம் தேதி நியூயார்க் மாநிலம். மூன்று நாளில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து கனடா எல்லை வரை. 2020 ஆகஸ்டில் வந்த ஈசாயாஸ் புயலும் முதல் வகைதான். நார்த் கரோலினாவில் கரையேறி இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், நள்ளிரவு தாண்டி, பெர்ட்டி கவுன்டியில் ஒரு மொபைல் ஹோம் குடியிருப்பை இஎஃப்-3 ஒன்று துடைத்துப் போட்டது, 2 பேர் இறந்தார்கள்.

மொபைல் ஹோம் என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். தொழிற்சாலையில் செய்து, இழுத்து வந்து, அடியில் கட்டைகளை வைத்து நிறுத்திப் பட்டைகளால் இழுத்துக் கட்டிய வீடு. விலை குறைவு. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களும் வசதி குறைந்த குடும்பங்களும் அதில்தான் இருப்பார்கள். செங்கல் வீட்டின் கூரை ஓடுகளை மட்டும் பெயர்க்கிற டொர்னாடோ, இதை அடியோடு தூக்கி உருட்டிவிடும். டொர்னாடோ வந்தால் உள் அறைக்குப் போ என்ற அறிவுரை இங்கே செல்லாது, வெளியேறிப் பலமான கட்டடத்துக்குப் போகச் சொல்வார்கள். ஆனால் ஹரிக்கேன் டொர்னாடோ சில நிமிட அவகாசம் தந்தாலே பெரிது, வெளியே புயல் மழை, எழுபது வயசுக்காரர் எங்கே ஓடுவார்?

அந்தச் சில நிமிடம் கூட ஏன் சில சமயம் கிடைப்பதில்லை என்றால், ரேடார். ரேடாரின் மிகத் தாழ்ந்த கதிர் அரை டிகிரி சாய்வில் மேலே போகும், பூமி வேறு வளைந்து கீழே விலகும். 100 கிலோமீட்டர் தாண்டும்போது கதிர் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும், அகலமும் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் விரிந்திருக்கும். நம் குள்ள சூப்பர்செல்லின் சுழற்சியே மூன்று கிலோமீட்டருக்குள்தான் என்று மேலே சொன்னேன். அதன் பாதி கதிருக்குக் கீழே ஒளிந்துகொள்ளும், மீதியும் மங்கலாகத் தெரியும். அதுவும் நாலு நிமிடம், ஐந்து நிமிடம் இருந்துவிட்டு மறைந்து, பக்கத்து மேகத்தில் இன்னொன்று முளைக்கும். எச்சரிக்கை கொடுப்பவர் தயங்கினால் தவறவிடுவார், தயங்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் பாதிக்கு மேல் ஒன்றும் நடக்காமல் போகும், மக்கள் போனை அமைதியாக்கிவிடுவார்கள். இரண்டில் எது மோசம் என்று வெளியில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம், அந்த நாற்காலியில் நான் உட்கார மாட்டேன்.

2017 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் டெக்சஸின் ஹூஸ்டன் நகரம் மேல் நின்றபோது இந்த எச்சரிக்கை மழை உச்சத்துக்குப் போனது. 50-க்கும் மேற்பட்ட டொர்னாடோக்கள், நூற்றுக்கும் மேற்பட்ட டொர்னாடோ எச்சரிக்கைகள், கூடவே வெள்ள எச்சரிக்கைகள். டெக்சஸிலேயே இருக்கும் நெடர்லாண்ட் என்ற ஊர்ப் பக்கம் 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். டொர்னாடோ எச்சரிக்கை என்ன சொல்லும்? கீழே போ, தரைத்தளத்தில் ஜன்னலில்லாத அறைக்குள் போ. வெள்ள எச்சரிக்கை? மேலே போ. இரண்டும் ஒரே போனில், ஒரே நேரத்தில் அலறினால் என்ன செய்வது? கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, ஹார்விக்கு முன்பே, 2015இல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறது. ஒரே இடத்துக்கு இரண்டு எச்சரிக்கைகளும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுவது அபூர்வமே இல்லை என்பதுதான் அவர்கள் கண்டது. அதற்கு முன்னால் 2013 மே 31 அன்று ஓக்லஹோமா நகரத்தில், ஹரிக்கேனே இல்லாத ஒரு டொர்னாடோ இரவில், டொர்னாடோவுக்குப் பயந்து மழைநீர்க் கால்வாய்க் குழாய்க்குள் ஒளிந்த குடும்பங்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தன.

அதைவிட மோசமான உதாரணம் 2021 செப்டம்பர் 1. ஐடா புயல் மூன்று நாள் முன்பு லூசியானாவில் கரையேறி, மிச்சசொச்சமாக வடகிழக்கே வந்திருந்தது. மாலையில் நியூ ஜெர்சியின் முல்லிக்கா ஹில் ஊரில் ஒரு இஎஃப்-3 வரிசையாக வீடுகளைப் பிய்த்தது. நியூ ஜெர்சிக்கு அது அபூர்வமான பலம். அங்கே பல குடும்பங்களைக் காப்பாற்றியது வீட்டின் அடித்தளம், பேஸ்மென்ட். சில மணி நேரத்தில் அதே புயல் நியூயார்க்குக்கு வந்து, சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 80 மில்லிமீட்டர் மழையைக் கொட்டியது. நகரத்தில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் பேஸ்மென்ட் வீடுகளில், பெரும்பாலும் குவீன்ஸ் பகுதியில், தண்ணீர் புகுந்து வெளியே வர முடியாமல் போனவர்கள். ஒரே மாலை, ஒரே புயல், 170 கிலோமீட்டர் தூரத்துக்குள் பேஸ்மென்ட் ஓரிடத்தில் உயிரைக் காத்தது, இன்னோரிடத்தில் வாங்கியது.

இது அமெரிக்காவுக்கு மட்டுமான கதை என்று நினைக்க வேண்டாம். 2006 செப்டம்பரில் ஷான்ஷான் டைஃபூன் ஜப்பானை நெருங்கியபோது கியூஷு தீவின் நோபியோகா நகரத்தில் டொர்னாடோ ஒன்று ரயிலையே தடம்புரட்டியது, 3 பேர் இறந்தார்கள். நம் வங்கக் கடலில் 2021 மே மாதம் யாஸ் புயல் ஒடிசாவில் கரையைக் கடந்ததற்கு முந்தின நாள், மேற்கு வங்கத்தின் ஹூக்ளி ஆற்றின் இரு கரையிலும், ஹாலிசஹர், சின்சுரா பகுதிகளில், சுழல்காற்று வந்து பல வீடுகளைச் சேதப்படுத்தியது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கரையைக் கடக்கப் போகிற பாலசோரிலிருந்து வடகிழக்கே, புயலுக்கு வலது முன்பக்கம். பாடப்புத்தகத்தில் போட்ட மாதிரி இருக்கும்.

மில்டன் அன்றைக்கு என் அக்கா குடும்பம் ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில் இருந்தது. சென்னையில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி, நான் ரேடார் பார்த்துக்கொண்டு விழித்திருந்தேன், அக்கா போன் செய்தாள். அத்தான் பின்னாலிருந்து, "புயல் அந்தப் பக்கம்தான்ப்பா கரையேறுது, இங்க மழையோட போயிடும், நீ தூங்கு" என்கிறார். அதே நேரம் அவர்கள் போன்கள் மூன்றும் ஒன்றாக அலறுகின்றன. அக்கா கேட்ட கேள்வி இதுதான்: "டேய், இப்ப டொர்னாடோன்னு ஒண்ணு வருது, அஞ்சு நிமிஷம் முன்னாடி வெள்ளம்னு ஒண்ணு வந்துச்சு. மாடிக்குப் போறதா கீழ இருக்கறதா?"

புத்தகக் கணக்கைச் சொன்னால் தண்ணீர்தான் பெரிய எமன். தேசிய ஹரிக்கேன் மையத்தின் ஆய்வு ஒன்றின்படி 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் புயல்கள் நேரடியாகக் கொன்றவர்களில் பாதிப் பேர் கடல் பொங்கி ஏறியதில் போனவர்கள், கால்வாசிக்குச் சற்று மேல் மழை வெள்ளத்தில். டொர்னாடோவின் பங்கு வெறும் 3 சதவீதம். ஆனால் சதவீதம் என்பது நாட்டுக்கு, அக்கா வீட்டுக்கு அல்ல. அவள் வீடு மேட்டில், கான்கிரீட் கட்டைச் சுவர், வாசலில் தண்ணீர் கணுக்கால்கூட இல்லை. வெள்ளம் அரை மணி நேரம் கழித்து வரலாம், வராமலும் போகலாம், சுழற்சி இப்போதே அவர்கள் தெருவிலிருந்து பத்து கிலோமீட்டரில் இருக்கிறது, வடக்கே ஓடி வருகிறது. கீழேயே இருங்கள், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறைக்குள் போங்கள், செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், அத்தானிடம் சொல்லிப் பையனின் சைக்கிள் ஹெல்மெட்டையும் மெத்தையையும் எடுத்துக்கொள்ளச் சொல் என்றேன். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டால் மட்டும் மாடிக்குப் போய், அங்கேயும் ஜன்னலில்லாத இடமாகப் பார்த்து உட்காருங்கள். சுழற்சி அவர்களைத் தொடாமல் மேற்கே விலகிப் போனது. அரை மணி நேரத்தில் அடுத்த எச்சரிக்கை வந்தது, மறுபடி அதே அறை. அன்று மாலைக்குள் அத்தான் வாக்குவாதம் செய்வதை நிறுத்திவிட்டார், மையம் எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டு, "தெற்கே அடுத்த மேகம் எவ்வளவு தூரம்?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.